வாய்ப்புண் ஜெல்: மரத்துப்போகும், ஆறாது

தெருமுனை மெடிக்கலில் "கீமோ எடுக்கிறாங்க, வாயெல்லாம் புண்" என்று சொன்னதும் எடுத்துக் கொடுத்த ட்யூப் இது. கோலின் சாலிசிலேட்டும் லிக்னோகைனும் கலந்தது, விலை நூறு ரூபாய்க்குள். பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வாய் மரத்துப்போகிறது, அந்த இடைவெளியில் அம்மா அரைக் கிண்ணம் குழைந்த மோர் சாதத்தை எப்படியாவது உள்ளே தள்ளிவிடுவார். கால் மணி நேரம்கூடத் தாங்காது, அப்புறம் பழையபடி எரிச்சல்தான். அந்த வேலைக்கு இது பரவாயில்லை.

இதை நம்பி ஐந்து நாள் ஓட்டினோம் பாருங்கள், அதுதான் தப்பு. கீமோ என்றால் வாய்ப்புண் வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பெரியம்மா வேறு உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை கடைந்து கொண்டுவந்தார். ஆறாம் நாள் தண்ணீர் விழுங்கவே அம்மா அழுதபோதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் அண்ணத்தில் கடுகு கடுகாக ஒரு கொத்து, அதில் சில ஒன்றோடொன்று சேர்ந்து ஓரம் நெளிநெளியாக, பல்லை ஒட்டிய ஈறிலும் அதே மாதிரி.

டாக்டர் பார்த்ததுமே ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம் என்றார், பஞ்சால் துடைத்து எடுத்து பிசிஆர் டெஸ்ட் செய்ததில் அதுவேதான். கீமோ புண் பெரும்பாலும் கன்னம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் அடி என்று மெத்தென்ற இடங்களில் வருமாம். அண்ணம், ஈறு போன்ற கெட்டியான இடத்தில் கொத்தாக வந்தால் இந்த வைரஸைச் சந்தேகப்பட வேண்டுமாம், எதிர்ப்புச் சக்தி இறங்கியவர்களுக்கு நாக்கு உட்பட எங்கேயும் வரலாம், பெரிதாகவும் ஆழமாகவும் போகும். எப்போதோ தொற்றி முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் சத்தமில்லாமல் படுத்திருந்தது, ரத்த அணுக்கள் குறைந்ததும் எழுந்துவிட்டது. "இடுப்புல வருமே, அக்கி, அதுவா?" என்று அம்மா கேட்டார். "அதே குடும்பம்தான், ஆள் வேற" என்றார் டாக்டர்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து, சிறுநீரகம் கெடக்கூடாது என்று ஒரு மணி நேரம் நிதானமாக ஏற்றினார்கள், கூடவே குளுக்கோஸ் பாட்டில். நாலாம் நாள் ஒரு இட்லி சாப்பிட்டார். உதட்டுக்குப் போடும் அசைக்ளோவிர் க்ரீம் வாய்க்குள் உதவாது, அதை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த ஸ்டீராய்டு பேஸ்ட்டை நல்லவேளை தடவவில்லை, மருந்தில்லாமல் அதை மட்டும் போட்டிருந்தால் வைரஸுக்கு இன்னும் கொண்டாட்டமாகியிருக்கும்.

ஜெல்லுக்கு ஐந்துக்கு மூன்று. டாக்டரிடம் கேட்டுவிட்டு இப்போதும் சாப்பாட்டுக்கு முன் தடவுகிறோம். மூடி மட்டும் சரியாகத் திருகுவதில்லை, ஃப்ரிட்ஜ் கதவில் பாதி ஒழுகிவிட்டது.