நியூயார்க் சுரங்க ரயிலின் முதல் பெட்டிகள்: செம்புத் தகடு போர்த்திய மரமா, முழு எஃகா?

1904 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் இன்டர்பரோ ரேபிட் டிரான்சிட் (ஐ.ஆர்.டி.) நிறுவனத்தின் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது, அதற்காக இரு வகைப் பெட்டிகள் வாங்கப்பட்டிருந்தன. ஒன்று, எஃகு அடிச்சட்டத்தின் மேல் மர உடலை எழுப்பி, தீக்கு அஞ்சி வெளிப்புறத்தில் செம்புத் தகடு போர்த்திய கலப்புப் பெட்டி. இவ்வகையில் 500 கட்டப்பட்டன. மற்றொன்று, பொறியாளர் ஜார்ஜ் கிப்ஸ் வடிவமைத்த முழு எஃகுப் பெட்டி, இது 300.

கிப்ஸ் முதலிலிருந்தே எஃகையே விரும்பினார். ஆனால் கைநிறைய மர வேலை வைத்திருந்த பெட்டித் தயாரிப்பாளர்கள் புதிய முறைக்கு இசையாததால், பென்சில்வேனியா ரயில்வேயின் அல்டூனா பணிமனையில்தான் மாதிரிப் பெட்டி உருவானது. 1903 ஆகஸ்டில் பாரிஸ் மெட்ரோவில் மரப்பெட்டிகள் தீப்பற்றி 84 பேர் இறந்தது, அவர் பக்க நியாயத்தை வலுப்படுத்தியது.

பார்வைக்குச் செம்புப் பெட்டியே அழகு என்பேன். உழைப்பில் எஃகை அது நெருங்கவில்லை. 1916இல் கலப்புப் பெட்டிகள் எடை குறைந்த மோட்டார்களுடன் மேம்பால ரயில் பாதைகளுக்கு அனுப்பப்பட்டன. கிப்ஸ் பெட்டிகளோ 1950களிலும் சுரங்கத்தில் ஓடின. இடையில், மரப்பெட்டிகளின் ஆபத்தைக் காட்டுவதுபோல், 1918 நவம்பர் 1 அன்று புரூக்ளினின் மால்போன் தெரு வளைவில், வேறொரு நிறுவனத்தின் மரப்பெட்டி ரயில் மிகை வேகத்தில் தடம்புரண்டு, சுரங்க வாயிற்சுவரில் மோதிச் சிதறியதில் குறைந்தது 93 பேர் மாண்டனர். கிப்ஸ் பெட்டிகளில் ஒன்று, 3352 என்ற எண்ணுடன், மெய்ன் மாநிலத்தின் சீஷோர் டிராலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.