காட்டுத்துண்டில் பறவைக் கணக்கெடுப்பு: இ-பேர்டு செயலி எந்த அளவுக்கு உதவும்?

சென்னை மாநகரம் சூழ்ந்துவிட்ட கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு சிறிய உலர் பசுமைமாறாக் காட்டில் எந்தப் பறவைகள் நிலைத்திருக்கின்றன, எவை குறைந்துவருகின்றன என்பதை அறிய, ஒரே முறையில் ஆண்டுக்கணக்காக எடுத்த பதிவுகள் வேண்டும். அத்தகைய பதிவேடாக இ-பேர்டு செயலியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் கணக்கெடுப்பின் விதிகளை நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும், பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இ-பேர்டைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. செயலி, தொடங்கிய நேரம், நீடித்த நிமிடங்கள், நடந்த தொலைவு ஆகியவற்றைத் தானே குறித்துக்கொள்கிறது. அலைபேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் பட்டியலிடலாம். இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று முடிவில் அது கேட்கும் கேள்வியைத்தான். ஆம் என்று நேர்மையாகச் சொல்லப்பட்ட பட்டியல்களில்தான் ஒரு பறவையின் பெயர் இல்லாமல் இருப்பதற்கும் பொருள் உண்டு. குளிர்காலத்தில் வந்து சருகுகளிடையே இரை தேடும் ஆறுமணிக்குருவி, நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் இடம்பெறுகிறது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட முடிவது இதனால்தான்; கண்ணுக்கு அரிதாகப் பட்டதை மட்டும் எழுதிவைத்தால் அந்த ஒப்பீடு கைகூடாது.

வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ இட்டால் செயலி விளக்கம் கேட்கிறது. அதைத் தன்னார்வ மதிப்பாய்வாளர்கள் பின்னர் சரிபார்க்கிறார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

குறைகளில் முதன்மையானது, ஒவ்வொரு பறவையும் நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் குறிக்கத் தனி இடம் இல்லாதது. அடர்ந்த புதரில் வெண்புருவச் சின்னானைக் கண்ணால் காண்பதைவிடக் காதால் கேட்பதே அதிகம். முப்பது மீட்டரில் ஒலித்ததா, நூறு மீட்டரிலா என்று தெரியாமல், குறிப்பிட்ட பரப்பில் எத்தனை பறவைகள் என்ற அடர்த்தியைக் கணக்கிட முடியாது. நகரத்துக் காட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே வட்டமிடும் கள்ளப்பருந்தும், கூட்டமாகக் கடந்துபோகும் உண்ணிக்கொக்கும், காட்டுக்குள் வாழும் பறவைகளோடு ஒரே வரிசையில் சேர்ந்து, காட்டின் இனவளத்தை, அதாவது அங்கு வாழும் இனங்களின் எண்ணிக்கையை, மிகைப்படுத்திக் காட்டும். ‘மேலே பறந்தது’ என்று குறிக்கத் தவறினால், பின்னர் அவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை.

காலை முழுவதும் நடந்ததை ஒரே பட்டியலாக்குவதும் தவறு. காட்டின் விளிம்பும் உட்பகுதியும் அதில் கலந்துவிடும். வனத்துறையின் அனுமதி பெற்று, நிலையான புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலிருந்தே நிலைப் பட்டியல் எடுப்பதே சிறந்தது. தொலைவை மட்டும் ஒரு தாளில் தனியே குறித்துக்கொள்ளலாம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியின் விடையைத் தடயமாக மட்டுமே கொள்ள வேண்டும்; வைரி என்னும் வேட்டைப்பறவையின் குரலைப் போலவே கத்தக்கூடிய கரிச்சான் இங்கே உண்டு.

ஆர்வலர்கள் பலரும் வலசைப் பறவைகளுக்காக அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டுமே வருகிறார்கள். அதே புள்ளிகளில், அதே நேர அளவில், வெயில் காலத்திலும் பட்டியல் எடுத்தால்தான் இந்தக் காட்டையே நம்பி வாழும் பறவைகளின் நிலை பதிவேட்டில் தெரியவரும்.