சீசர் படைக்கு மக்காச்சோளம்

நந்தனம் ஒய்எம்சிஏ புத்தகக் கண்காட்சில ஜூலியஸ் சீசரோட கௌல் (இன்னைக்கு பிரான்ஸ் இருக்குற பக்கம்) போர்க்குறிப்பு தமிழ்ல இருக்குறதப் பாத்ததும் உள்ள ஒரு பக்கம்கூட புரட்டாம எடுத்துட்டேன். 450 ரூபா, 10 சதவீதம் கழிவு போக 405. பதிப்பகம் பேரு வேணாம், பேப்பரும் பைண்டிங்கும் அருமை, பிரச்சினை எல்லாம் சொல்லுலதான்.

தொடக்கத்துலயே, கூட்டாளிங்க தர்றதா சொன்ன மக்காச்சோளம் வந்து சேரலன்னு சீசர் கடுப்பாகுறார். கி.மு. 58ல! கொலம்பஸ் அமெரிக்கா போய் வந்தப்புறம்தான்யா அது ஐரோப்பாவுக்கே வந்துச்சு. லத்தீன்ல இருக்கறது ஃப்ரூமெண்டம், தானியம்னு அர்த்தம், முக்கியமா கோதுமை. அத பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல கார்ன்னு போட்டிருப்பான், அவன் ஊர்ல கார்ன்னா பொதுவா தானியம், நம்மாளு பாப்கார்ன் ஞாபகத்துல இருந்திருக்கார். இதே கதைதான் ஹார்ஸுக்கும், பழைய இங்கிலீஷ்ல அதுக்கு குதிரைப்படைன்னும் அர்த்தம் உண்டு, எதிரி எந்தப் பக்கம் போறான்னு பாக்க "நாலாயிரம் குதிரைகளை அனுப்பினார்"னு இருக்கு, மேல ஆளே இல்லாம குதிரைங்களே வேவு பாத்துட்டு வந்துச்சு போல.

லீஜியனும் படைப்பிரிவு, கோஹார்ட்டும் படைப்பிரிவு. பத்து கோஹார்ட் சேந்தாதான் ஒரு லீஜியன், அதனால "ஒரு படைப்பிரிவில் பத்து படைப்பிரிவுகள்"னு ஒரு வரி வருது. இம்பெராட்டர் வர்ற இடமெல்லாம் பேரரசர். அப்ப ரோம் குடியரசுங்க, ஜெயிச்ச தளபதிக்கு வீரர்களே குடுக்குற பட்டம் அது.

கி.மு. 52ல கௌல்காரங்க உள்ள இருந்த அலேசியாங்கிற ஊரோட முற்றுகைதான் உச்சம். சீசர் ஊரச் சுத்தி 11 ரோமன் மைலுக்கு ஒரு அரண் கட்டுறார், உதவிக்கு வர்ற படைய தடுக்க வெளிய இன்னொண்ணு, 14 மைல். உள்பக்கம் உழிஞை (கோட்டைய வளைக்கிறவன் சூடுற பூ), வெளிப்பக்கம் நொச்சி (அரணக் காக்குறவன் சூடுறது), ஒரே ஆளு ரெண்டு பூவும் சூடுறான்! இதுக்குன்னே தமிழ்ல சொல்லு கெடக்கு, மனுஷன் தொடவே இல்ல. மூணடி ஆழத்துல குழி வெட்டி, கூரான கம்பு நட்டு, மேல சுள்ளி தழை போட்டு மூடிருக்காங்க, பாக்க பூ மாதிரி இருந்ததால வீரர்கள் வச்ச பேரு லில்லி. புத்தகத்துல "அல்லிக்குளங்கள் வெட்டினர்". எனக்கு சென்ட்ரல் பக்கத்துல இருக்குற அல்லிக்குளம் கோர்ட்டுதான் கண்ணுக்கு வந்துச்சு.

நல்லதும் சொல்லணும்ல. முன்ன போற படைக்கு தூசிப்படை, பின்ன வர்றதுக்கு கூழைப்படைன்னு போட்ட இடத்துல கைதட்டலாம்னு தோணுச்சு. ஹெல்வெட்டியர்ங்கிற கௌல் இனத்தோட போட்ட சண்டையும் பிரமாதம், ஒரே ரோமன் எறிவேல் அவங்களோட ரெண்டு மூணு கேடயத்த சேத்து தச்சிருது, இரும்பு வளஞ்சதால புடுங்கவும் முடியல, இடது கைய வச்சு ஒண்ணும் பண்ண முடியல, கடைசில கேடயத்த வீசிட்டு வெறும் உடம்போட நிக்குறானுங்க. எலக்ட்ரிக் ட்ரெயின்ல இதப் படிச்சிட்டு மாம்பலத்துல எறங்க மறந்துட்டேன்.

அஞ்சுக்கு ரெண்டரை. ரெண்டாம் பதிப்பு வந்தா ஸ்டால்லயே நின்னு முதல் அத்தியாயத்துல அந்த மக்காச்சோளம் போயிருச்சான்னு பாத்துட்டு வாங்குங்க.