பசுவுக்கு ஒரு கணக்கு, கோழிக்கு ஒரு கணக்கு: எந்த வைட்டமினுக்குச் செலவு செய்வது?

எங்கள் தொழுவத்தில் இரண்டு கலப்பினப் பசுக்கள், கொல்லையில் பதினைந்து கோழிகள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மாதம் ஒரு பி காம்ப்ளெக்ஸ் டானிக் வாங்கி இரண்டு தரப்புக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டிலின் மேல் மாடு, ஆடு, கோழி எல்லாவற்றின் படமும் இருந்தது; ஒரே மருந்து எல்லோருக்கும் ஆகும் என்று நம்பிவிட்டேன். பசுவைப் பொறுத்தவரை அந்தப் பணம் பெரும்பாலும் மூத்திரத்தோடு போயிற்று என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த பிரிவினை நினைவிருக்கும். ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. பி தொகுதியும் சி-யும் நீரில் கரைபவை. தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த வரி, தொழுவத்துக்கு வந்தால் சேமிப்புக் கணக்காக மாறுகிறது. கொழுப்பில் கரைபவை குதிரில் கொட்டிய நெல் மாதிரி. மழைக்காலத்தில் பச்சையை வயிறார மேய்ந்த மாடு தன் ஈரலில் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கோடையில் வைக்கோலை மட்டும் தின்றும் சில மாதம் தாக்குப்பிடிக்கும். குதிர் நிரம்பி வழிந்தாலும் ஆபத்து: ஏ-யும் டி-யும் அளவு மீறினால் நஞ்சாகும். நீரில் கரைபவை அன்றாடங்காய்ச்சிகள். மிஞ்சியது வெளியேறிவிடும், நாளைக்கு மறுபடி வேண்டும். பி12 மட்டும் விதிவிலக்கு. அது ஈரலில் தங்கும்.

ஆனால் கரைவது எதில் என்பதைவிட, தின்பது யார் என்பதே பெரிய கேள்வி.

பசுவின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் ஓயாமல் வேலை செய்கின்றன. பி தொகுதி முழுவதையும், வைட்டமின் கே-யையும் அவையே தயாரித்துவிடுகின்றன. சி-யை ஈரலே செய்துகொள்கிறது. இந்த ஆலைக்கு வெளியிலிருந்து கட்டாயம் வர வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்று கோபால்ட் என்ற தாது. அது இல்லாமல் பி12 உருவாகாது. நியூசிலாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் புல் செழித்த நிலத்திலேயே ஆடுமாடுகள் இளைத்துச் செத்ததற்குக் காரணம் மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் என்று 1930-களில் கண்டுபிடித்தார்கள். ஆகவே பசுவுக்கு பி12 டானிக்கைவிட தாது உப்புக் கலவையே நல்ல செலவு.

கன்றின் கதை வேறு. முதல் இரண்டு மாதம் அதன் பெருவயிறு முழுதாக வேலைக்கு வருவதில்லை. பாலில் கிடைக்கும் பி-யை நம்பித்தான் வாழ்கிறது.

இப்போது ஏ-க்கு வருகிறேன். மாட்டுக்காரர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனோ குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். உடலில் ஏ-யாக மாறும் கரோட்டின் என்ற பொருள் வைக்கோலில் அநேகமாக இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1907 முதல் 1911 வரை நடந்த புகழ்பெற்ற சோதனையில் கிடாரிகளைப் பிரித்து, ஒரு குழுவுக்கு மக்காச்சோளப் பயிரை மட்டும், இன்னொன்றுக்குக் கோதுமைப் பயிரை மட்டும் கொடுத்தார்கள். புரதமும் ஆற்றலும் இரண்டிலும் சமமாக இருக்கும்படி கணக்கிட்டிருந்தார்கள். மக்காச்சோளம் தின்றவை நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் செத்தோ நோஞ்சானாகவோ பிறந்தன. கணக்கில் சேராத ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது. அங்கே பணியாற்றிய மெக்காலம், டேவிஸ் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1913-இல் வெண்ணெய்க் கொழுப்பில் கண்டறிந்த பொருள்தான் பின்னாளில் வைட்டமின் ஏ ஆனது.

நம் தொழுவங்களில் அதன் குறைபாடு மாலைக்கண்ணாக, சினை பிடிக்காமையாக, நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதாக, குருட்டுக் கன்றாக வந்து நிற்கும். கன்று பிறக்கும்போது அதன் ஈரலில் ஏ கையிருப்பு மிகச் சொற்பம். சீம்பால்தான் முதல் தவணை. அதை முழுக்கக் கறந்து பாத்திரத்தில் காய்ச்சும் வீடுகளில் யோசிக்க வேண்டிய விஷயம் இது. (எனக்கும் சீம்பால் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.) எருமை நெய் வெளுத்தும் பசு நெய் மஞ்சளாகவும் இருப்பதைப் பார்த்து, எருமைப் பாலில் ஏ இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எருமை கரோட்டினை ஏ-யாக மாற்றியே பாலில் விடுகிறது. பசு கொஞ்சம் கரோட்டினை அப்படியே விடுகிறது. நிறம் அவ்வளவுதான்.

வெயில் இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. அறுத்த புல்லை வெயிலில் காயவைத்தால் கரோட்டின் அழிகிறது, ஆனால் அதே வெயில் அந்தப் புல்லில் வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி2-ஐ உண்டாக்குகிறது. வெளியில் மேயும் மாட்டுக்கு டி தோலிலேயே ஊறுவதால், நமக்கு லாபத்தைவிட நட்டமே அதிகம்.

கோழிக்குப் பெருவயிறு தரும் சலுகை எதுவும் இல்லை. சி-யையும், வெயில் பட்டால் டி-யையும் மட்டும் தானே தயாரித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் தீனியில் வர வேண்டும். ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் 1890-களில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். தவிடு சேர்ந்ததும் அவை எழுந்தன. தயமின் (பி1) குறைந்தால் தலை பின்னால் வளையும், ரைபோஃபிளேவின் (பி2) குறைந்தால் குஞ்சின் விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். மாட்டுக்கு உதவும் டி2 கோழிக்கு அநேகமாகப் பயனற்றது, தோலில் ஊறும் வகையான டி3-தான் வேண்டும். வெயில் படாத கூண்டில் முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் அது குறைந்தால் ஓடு மெலிந்து உடையும். அதனால் பண்ணைக் கோழிக்கு வைட்டமின் கலவை ஆடம்பரமல்ல. அதையும் தாது உப்போடு கலந்து மாதக்கணக்கில் புழுக்கமான கிடங்கில் போட்டால் வீரியம் போய்விடும். நான் மூட்டையின் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்குவதில்லை.

பசுவுக்கு பி வேண்டவே வேண்டாமா? வேண்டிய நேரங்கள் உண்டு. பொங்கலன்று அன்பு மிகுதியில் அரிசிச் சோற்றை அள்ளி வைத்தால் பெருவயிறு புளித்து, தயமினைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் பெருகக்கூடும். மாடு கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது மருத்துவர் போடும் தயமின் ஊசி உயிர்காக்கும். நாள்கணக்கில் தீனி எடுக்காத மாட்டுக்கும் பி ஊசி நியாயமே. பி தொகுதியைச் சேர்ந்த பயோட்டினை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் பல மாதம் கொடுத்தால் கறவை மாட்டின் குளம்பு உறுதிப்படும்.

ஏ-க்குப் பசுந்தீவனமா, ஊசியா என்று கேட்டால் என் ஓட்டு அகத்திக்கும் வேலிமசாலுக்கும். கரோட்டினை மாடு தேவைக்கேற்பத்தான் மாற்றிக்கொள்ளும், அதனால் அளவு மீறும் பயமில்லை. பச்சையே கிடைக்காத வறட்சியில், சினை மாட்டுக்கு, மருத்துவர் சொன்ன அளவில் ஊசி.

டானிக்கை நிறுத்திய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கோழிகள் விடிந்ததும் ஓடுவது சாணக்குவியலுக்கு. 1940-களில் குஞ்சுகளை வளர்க்கும் மர்மப் பொருள் ஒன்று மாட்டுச் சாணத்தில் இருப்பதாக ஆய்வாளர்கள் தேடினார்கள். கடைசியில் அது பி12 என்று தெரிந்தது. பசுவின் வயிற்றில் உருவானதை என் கோழிகள் இலவசமாகக் கிளறித் தின்றுகொண்டிருந்தன, பக்கத்தில் நான் பாட்டிலோடு நின்றிருந்தேன்.