பள்ளிக் கணினி அறைக்கு ஓர் இலவச வடிகட்டி: கிளீன்பிரவுசிங் குடும்ப வடிகட்டி மதிப்புரை

எங்கள் உதவி பெறும் பள்ளியின் கணினி அறையில் 18 கணினிகள் உள்ளன. எட்டாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு 40 பிள்ளைகள். முதல் வரிசையில் விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று ஒரு மாணவி அழைக்க, ஆசிரியர் அங்கே குனிந்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் கடைசி வரிசைத் திரையில் என்ன திறக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. இதற்காகவே ஆண்டுச் சந்தா கட்டி ஒரு வடிகட்டு மென்பொருளை முன்பு வாங்கியிருந்தோம். கோடை விடுமுறையில் அதன் சந்தா முடிந்து, தடுப்பு சத்தமில்லாமல் விலகியிருந்ததைப் பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்தே கண்டுபிடித்தோம். ஆகவே, முடிந்துபோகச் சந்தாவே இல்லாத ஒன்றைத் தேடியபோது கிளீன்பிரவுசிங் நிறுவனத்தின் இலவசக் குடும்ப வடிகட்டி கிடைத்தது.

இது கணினியில் நிறுவும் மென்பொருள் அன்று. ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும் அதன் எண் முகவரியைக் கணினி ஒரு டி.என்.எஸ். சேவையகத்திடம் கேட்கும், அந்தக் கேள்வி இவர்களது சேவையகத்துக்குப் போகுமாறு மாற்றிவிட்டால், தகாத தளங்களின் முகவரியை அது தர மறுத்துவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 185.228.168.168, 185.228.169.168 ஆகிய இரு எண்களையும் இட்டுச் சேமித்ததோடு வேலை முடிந்தது. பதிவு செய்யவோ, பிள்ளைகளின் பெயரையோ மின்னஞ்சலையோ கொடுக்கவோ தேவையில்லை என்பது பள்ளிக்குப் பெரிய நிம்மதி. (எங்கள் ரவுட்டரின் கடவுச்சொல் பொருத்திய நாளிலிருந்து ‘அட்மின்’ என்றே இருந்ததும் அன்றுதான் தெரிந்தது, முதலில் அதை மாற்றினோம்.)

இந்நிறுவனம் மூன்று இலவச வடிகட்டிகளைத் தருகிறது. முதலாவது, கணினியைக் கெடுக்கும் தீநிரல் பரப்பும் தளங்களையும் மோசடித் தளங்களையும் மட்டும் தடுப்பது. இரண்டாவது ஆபாசத் தளங்களையும் தடுத்து, கூகுள், பிங் தேடல்களைத் தகாத முடிவுகளை மறைக்கும் பாதுகாப்பு நிலையில் வைப்பது. மூன்றாவதான குடும்ப வடிகட்டி இவற்றோடு யூடியூபையும் கட்டுப்பாட்டு நிலைக்குக் கொண்டுவருகிறது. தடையைச் சுற்றிச் செல்ல உதவும் வி.பி.என்., ப்ராக்ஸி தளங்களையும், நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும் ரெடிட் போன்ற தளங்களையும் முழுமையாக மூடிவிடுகிறது. வகுப்பறைக்கு ஏற்றது இந்த மூன்றாவதுதான் என்பது என் கணிப்பு. வகுப்பில் நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவை யாரும் தேடிப்போய் வருவித்தவை அல்ல. அறிவியல் பாடத்துக்குப் படம் தேடும் பிள்ளையின் முன்னால் தானாக வந்து நிற்பவை. அங்கே தளத் தடுப்பைவிடத் தேடலின் பாதுகாப்பு நிலையே கைகொடுக்கிறது. தேடுபொறியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் அதை ஒரு மாணவர் அணைக்க முயன்றாலும் அணையாது.

யூடியூபின் கட்டுப்பாட்டு நிலையில் காணொளிகளுக்குக் கீழே கருத்துரைகள் தோன்றுவதில்லை. எனக்கு இது தனி மகிழ்ச்சி. ஆனால் எந்தக் காணொளியை மறைப்பது என்பதைப் பெரும்பாலும் தானியங்கி முறையே தீர்மானிப்பதால், இனப்பெருக்கம், வளரிளம் பருவம் போன்ற பாடக் காணொளிகளும் சில வேளை மறைந்துபோகக்கூடும். இலவச வடிகட்டியில் விதிவிலக்குப் பட்டியல் சேர்க்கும் வசதி இல்லை. அது கட்டணத் திட்டத்தில் மட்டுமே உண்டு. எனவே ஆசிரியர் தம் வீட்டுக் கைபேசியில் பார்த்துத் தேர்ந்ததை நம்பி வராமல், முந்தைய நாளே கணினி அறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தளம் முழுவதையும் தடுக்க முடியுமே தவிர, ஒரு தளத்துக்குள் ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க இந்த முறையால் இயலாது. குரோம் உலாவியில் ‘பாதுகாப்பான டி.என்.எஸ்.’ என்ற இடத்தில் வேறொரு சேவையைத் தேர்ந்துவிட்டால் ரவுட்டரில் நாம் இட்ட எண்களுக்கு வேலையில்லை. நிர்வாகி கணக்கின் வழியாக அதைப் பூட்ட வேண்டும். இணைய நிறுவனம் ஐ.பி.வி.6 என்ற புதுவகை முகவரி முறையிலும் இணைப்பு தருகிறதென்றால் அதற்குரிய எண்களையும் மறவாமல் இட வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்து முடித்த பெருமிதத்தில் இருந்தபோதுதான், ஒன்பதாம் வகுப்பு நடக்கையில் ஒரு திரையின் வலது மூலையில் எங்களுடையதல்லாத வைஃபை பெயரைக் கண்டேன். ஒரு நடிகரின் பட்டப்பெயர் அது. எப்போதோ யாரோ செருகி மறந்துபோன வைஃபை டாங்கிள் (கணினிக்கு வைஃபை வசதி தரும் சிறு கருவி) வழியாக, பையில் இருந்த கைபேசியின் ஹாட்ஸ்பாட்டோடு கணினியை இணைத்திருந்தான் பையன். இத்தகைய திறமைசாலிக்கு எதிராக இந்த வடிகட்டி எதுவும் செய்யாது. டாங்கிளைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியதுதான் செய்தது. அதேபோல், அனுமதிக்கப்பட்ட தளத்தில் முன்பின் அறியாத ஒருவர் பிள்ளையிடம் பெயரும் பள்ளியும் கேட்டால் அதை அறியவும் இதற்கு வழியில்லை. அதனால் குழந்தைகள் உதவி எண்ணான 1098 எங்கள் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

கம்பி இணைப்புள்ள, ஒரே ரவுட்டரில் இயங்கும் கணினி அறை உள்ள பள்ளிகளுக்குத் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சிம் அட்டையில் இயங்கும் கைக்கணினிகளுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ அமைப்பில் இதைப் பொருத்தலாம் என்றாலும், பூட்டப்படாத கருவியில் அதை நீக்க ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நிமிடம் ஆகும்.