கோரிலேஷன் பார்த்துப் பங்கு சேர்ப்பது: சில வருட அனுபவம்

கூகுள் ஷீட்டில் இருக்கும் கோரெல் (CORREL) ஃபார்முலாவைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு பங்குகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை, அதாவது கோரிலேஷனை, மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரையிலான எண்ணாக அது தரும். காசு கட்டும் ஆப் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று இந்த ஃபார்முலா சொல்லாது. ஒரே ரிஸ்க்கை நாலு பெயரில் வாங்கி வைத்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ., ஆக்ஸிஸ், கூடவே பஜாஜ் ஃபைனான்ஸ் என்று வைத்துக்கொண்டு "பிரித்துப் போட்டிருக்கிறேன்" என்பவர்கள் நிறைய பேர். ரிசர்வ் வங்கி வட்டியைத் தொட்டால் நாலும் சேர்ந்தே ஆடும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸும் அப்படித்தான். அமெரிக்க கம்பெனிகள் செலவைச் சுருக்கினால் இரண்டுக்கும் அடி.

கணக்குப் போடும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். விலையை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. மார்க்கெட் ஏறுமுகமாக இருந்த காலத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பங்கை எடுத்தாலும் விலைக்கு 0.9 என்றுகூட வந்து நிற்கும். அதற்கு அர்த்தமே இல்லை. கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலாவில் வார இறுதி விலையை எடுத்து, பக்கத்து நெடுவரிசையில் இந்த வார விலையைப் போன வார விலையால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். அந்த வார மாற்றங்களைத்தான் கோரெலுக்குக் கொடுக்க வேண்டும். குறைந்தது மூன்று வருட டேட்டா இருந்தால் நல்லது.

மைனஸில் வரும் ஜோடியைத் தேடி அலையவும் வேண்டாம். தலா 25 சதவீத ஏற்ற இறக்கம் உள்ள இரண்டு பங்குகளில் பாதிப் பாதி போட்டால், கோரிலேஷன் 0.5 இருந்தாலே மொத்த ஏற்ற இறக்கம் 21.7 ஆகிவிடும். பூஜ்யமானால் 17.7.

இந்த எண் நிலையாக இருக்காது என்பதுதான் பெரிய குறை. 2022-ல் ஐ.டி. பங்குகளின் குறியீடான நிஃப்டி ஐ.டி. கால்வாசி சரிந்தது, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. இரண்டும் வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தபோது பேங்க், ஐ.டி., பார்மா எல்லாமே சிவப்பு. குடை தேவைப்படும் நேரத்தில்தான் அது மடங்கிக்கொள்ளும். அப்போது கைகொடுத்தது பங்குக்கு வெளியே இருந்த தங்கம். அதுவும் மார்ச் நடுவில், எல்லோரும் பணமாக்க ஓடியபோது, உலகச் சந்தையில் கொஞ்சம் வழுக்கிவிட்டுத்தான் ஏறியது. ஆகஸ்டில் 10 கிராம் 55,000 ரூபாயைத் தாண்டியது.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு பங்கை வாங்கும் முன் கையில் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். 0.6-ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்றுதான் தங்கும். ஸ்மால்கேப் எனப்படும் சிறிய கம்பெனிப் பங்குகளுக்கு மட்டும் இதைப் போடுவதில்லை. வியாபாரமே நடக்காமல் விலை அசையாது கிடப்பதை, எதோடும் ஒட்டாத பங்கு என்று ஃபார்முலா எடுத்துக்கொள்கிறது.