மேரு மலைப் பச்சோந்திக்கு ஒரு மழை மெஷின்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

கனடாவில் எங்கள் ஸ்கார்பரோ வீட்டு பேஸ்மென்டில் ஒரு மேரு மலை ஜாக்சன் பச்சோந்தி வளர்கிறது. கூண்டில் பிறந்த ஆண், மூன்று கொம்புக்காரன். தான்சானியாவில் அரூஷாவுக்குப் பக்கத்தில் உள்ள மேரு மலைதான் இந்த ரகத்தின் பூர்வீகம். ஜாக்சன் பச்சோந்திகளிலேயே சின்னது, முட்டையிடாமல் குட்டி போடும் இனம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏமன் பச்சோந்திக்கும் பேந்தர் பச்சோந்திக்கும் சொல்கிற பக்குவத்தை இதற்கு அப்படியே செய்தால் ஆபத்து. இது குளிர்ந்த மலைக்காட்டுப் பிராணி. பகலில் 24, 25 டிகிரி போதும், விளக்குக்கு அடியில் மட்டும் 28 வரை போகலாம், இரவில் 12 முதல் 15 டிகிரிக்கு இறங்கினால்தான் அதற்குச் சுகம்.

குளிர்ச்சியை பேஸ்மென்டே கொடுத்துவிடுகிறது. ஈரம்தான் பிரச்சினை. நவம்பரில் ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் வீட்டுக் காற்று அப்பளம் மாதிரி காய்ந்துவிடும், ஈரப்பத மீட்டர் 25 சதவீதம் காட்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலும் பச்சோந்தி அதைக் கண்டுகொள்ளாது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் தானாகத் தெளிக்கும் மிஸ்டிங் செட் இல்லாமல் முடியாது.

முதலில் வாங்கியது 70 டாலரில் தொட்டியோடு சேர்ந்த ஒரு பெட்டி. தெளிப்பு நின்ற பிறகும் அரை மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும், தொட்டி வேறு சின்னது, ஒருநாள் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் வெறுமனே ஓடி பம்ப் போய்விட்டது. இப்போது இருப்பது டயஃப்ராம் பம்ப் (உள்ளே ஒரு சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும்), கால் அங்குலக் குழாய், இரண்டு நாஸில் (தண்ணீர் பீச்சும் முனை), தனி டைமர், எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 200 டாலர். இதே மாதிரி செட்டைப் பல கம்பெனிகள் விற்கின்றன, எந்தப் பெயரில் வாங்கினாலும் டைமரில் வினாடிக் கணக்கு வைக்க முடிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். திருகி வைக்கும் சாதாரண பிளக் டைமரில் பெரும்பாலும் குறைந்தது 15 நிமிடம். அவ்வளவு நேரம் தெளித்தால் கூண்டு குளமாகிவிடும்.

நான் வைத்திருப்பது விடியற்காலை விளக்கு எரியும் முன் இரண்டு நிமிடம், இரவு விளக்கு அணைந்ததும் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். பகல் முழுக்க இலை காய வேண்டும். மலையில் இரவுப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வருவதற்குப் பழகிய உடம்பு அது. சூட்டோடு ஈரமும் சேர்ந்து நாளெல்லாம் நின்றால் நுரையீரலில் தொற்று வந்துவிடும். அதற்காகத்தான் டைமரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

தெளிப்பு மிக மிக நைசாக இருக்கிறது, இதில் குறையே சொல்ல முடியாது. ஒருநாள் காலை டார்ச்சைக் கைக்குள் பொத்தி, கசிகிற வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் சாரல் பட்டதும் அசையவில்லை. அப்புறம் ஒரு கண்ணை மூடி, அந்த உருண்டையை இமைக்குள்ளேயே உப்ப வைத்துச் சுற்றிச் சுற்றிக் கழுவியது. மணி பிளான்ட் இலையின் நுனியில் துளி திரண்டு நின்றதும் கழுத்தை நீட்டி, வாயை ஒட்டவைத்து மெதுவாக உறிஞ்சியது. பழைய பெட்டி இருந்த காலத்தில் அதன் எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாக வரும், உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இந்த செட் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுத்த வெள்ளை.

இனி குறைகள். தெளித்து முடிந்ததும் சொட்டு நிற்க வேண்டுமானால் குழாயில் ஒரு செக் வால்வு (பம்ப் நின்றதும் குழாயை அடைக்கும் அடைப்பான்) வேண்டும், அது பெட்டியில் வரவில்லை, தனியாக வாங்கினேன். டைமர் விளக்கத் தாள் யாருக்கும் புரியாது. பம்பை மரப்பலகையில் வைத்தால் வீடே அதிரும், கீழே மடித்த துண்டு போட்ட பிறகுதான் அடங்கியது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இரண்டே மாதத்தில் நாஸிலில் உப்புப் படிந்து ஒரு பக்கமாகப் பீச்சும். கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டால் சரியாகிவிடும், இருந்தாலும் நான் இப்போது வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

பெரிய விஷயம் வடிகால். அளவுக் குவளை பிடித்துப் பார்த்தேன், ஒரு நாஸிலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மில்லி. இரண்டு நாஸில், நான்கு நிமிடம் என்றால் தினமும் 800 மில்லி கூண்டின் அடியில் இறங்குகிறது, வலைக்கூண்டாக இருந்தால் நேரே தரைக்கு. செட்டோடு இதற்கு எதுவும் தருவதில்லை. நான் பம்பை மாட்டி ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அதற்குள் கார்ப்பெட் ஊறி நாற ஆரம்பித்துவிட்டது. இப்போது கூண்டுக்கு அடியில் சரிவாக ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஓரத்தில் துளை, கீழே வாளி. 20 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 25 நாள் வருகிறது, வாளியை மட்டும் ஞாயிறும் வியாழனும் மறக்காமல் கொட்ட வேண்டும்.